பதினொரு நாள்

மகளின் தாய்மாமன் முடித்தேங்காயோடு படலையில் நிற்க, படலையைத் திறக்காமல் விட்டவள் என்று முரசுமோட்டையில் என்னைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. சங்கக்கடையில், வாய்க்கால் கட்டில், பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில், நாலு பெண்கள் கூடினால் அது ஒருக்கால் வெளியே வரும். "கூடப்பிறந்த தமையனையே வாசலிலை நிப்பாட்டினவள்" என்பார்கள். கதைக்கட்டும். பொய்யில்லையே, நிப்பாட்டினேன்தான். ஆனால் ஏன் நிப்பாட்டினாய் என்று ஒருத்தியாவது என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பாளா? கேட்காதவர்களுக்கும் சேர்த்து நானே எழுதிவைக்கிறேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனின் பெயர் யோகலிங்கம். கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் விளையாட்டு மாஸ்டராக இருந்தவர். எனக்கு ஏழு வயது மூத்தவர். நாங்கள் பிறந்து வளர்ந்தது கரவெட்டியில். எனக்குப் பன்னிரண்டு வயதில் ஐயா செத்துப்போனார். அதற்குப் பிறகு என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டவரும் அண்ணன்தான், நெஞ்சுச்சளி பிடித்தால் கொத்தமல்லி அவித்துத் தந்தவரும் அண்ணன்தான், என் கலியாணத்தில் தகப்பன் இடத்தில் நின்றவரும் அவர்தான். இதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு கெட்ட மனிதரை நம்பி ஏமாந்திருந்தால் அது என் மடைத்தனம் என்று விட்டிருப்பேன். நான் நம்பியது நல்ல மனிதரை. வயிறு எரிவது அதனால்தான்.

அண்ணன் இளந்தாரியாக இருந்தபோது நல்ல ஓட்டக்காரன். நூறு யார் தூர ஓட்டத்தில் அவரை வெல்ல எங்கள் பக்கத்தில் ஆள் இல்லை. பதினெட்டு வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய போட்டிக்குப் போக இருந்தார். முதல் நாள் கடும் காய்ச்சல் பிடித்தது. ஐயா விடவில்லை. என்னையும் அண்ணனையும் அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு வெளியே பாய் போட்டு இருந்துவிட்டார். நெற்றியில் ஈரத்துணி மாற்றியவள் நான். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அன்றைக்குக் கோப்பை வாங்கினவன், அவரிடம் எப்போதும் தோற்கிற ஒரு பெடியன். "ஒரு காய்ச்சலுக்குப் பயந்து ஐயா என்ரை வாழ்க்கையைப் பூட்டிப்போட்டார்" என்று, தானே பிள்ளைகள் பெற்ற பிறகும் அண்ணன் சொல்லுவார். பாவம் மனிதர் என்று நானும் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

ஐம்பத்திரண்டில் என் வீட்டுக்காரர் அப்புத்துரைக்கு முரசுமோட்டையில் குடியேற்றக் காணி கிடைத்தது. பற்றை வெட்டி, கொட்டில் போட்டு, பாம்புக்கும் யானைக்கும் பயந்து இருந்த அந்த முதல் வருஷங்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. மூத்தவள் இராசமலருக்கு அப்போது ஏழு வயது. சின்னவள் அருந்ததி இங்கேதான் பிறந்தாள். நாலைந்து வருஷம் கழித்து அண்ணனுக்குக் கிளிநொச்சிக்கு மாற்றம் வந்தது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அயலட்டையில் சொந்தம் என்று ஒரு குருவி இல்லாத இடத்தில், கூடப்பிறந்தவர் ஆறு மைலில் வந்து இருக்கிறார் என்றால் சும்மாவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நாம்பன் கன்று ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு நாற்றுமேடைப் பக்கம் பாய்ந்தது. மலர் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரம்பில் ஓடினாள். ஒரு சாண் அகல வரம்பு, அதுவும் ஈரம். நாங்கள் எழும்ப முதல் அவள் கன்றுக்கு முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார்.

"ஜெகதீ, உவளுக்கு எத்தினை வயசு?"

"பன்ரெண்டு முடிஞ்சுது. ஏன் அண்ணை?"

"உவளை என்னட்டை விடு. நான் உவளைக் கொழும்பிலை ஓடவைக்கிறன்."

"பொம்பிளைப்பிள்ளை ஓடி என்ன செய்யிறது? விசர்க் கதை கதைக்கிறியள்."

"என்ன செய்யிறதோ? பேப்பரிலை படம் வரும். ரீச்சர் வேலைக்குத் தேடி வந்து எடுப்பினம். உன்னைப்போலை சேத்துக்கை நிண்டு காயத் தேவையில்லை."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் நான் விழுந்தேன். என் காலில் சேற்றுப்புண் ஆறாத நாளில்லை. மலருக்கும் அந்தக் கால்தானா என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். சரி என்றேன். ஆனால் சும்மா விடவில்லை. அண்ணனை நேரே பார்த்துச் சொன்னேன்.

"பிள்ளை வயிறு நிறையச் சாப்பிடவேணும். ஒரு நோ நொம்பலம் எண்டால் எனக்கு அண்டைக்கே ஆள் விடவேணும். என்ரை பிள்ளையின்ரை உடம்புதான் எனக்கு முதல், உங்கடை கோப்பை பிறகு. அவள் பெரியபிள்ளையானால் ஓட்டம் அதோடை சரி. அதுக்குப் பிறகு கேக்கப்படாது."

"வற்றாப்பளை அம்மாளாச்சி ஆணை" என்றார் அண்ணன். நெஞ்சில் கையை வைத்துத்தான் சொன்னார். மலர் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படித்தான் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே அண்ணனின் மனைவி கமலாசனி மச்சாளும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். விடியப்புறம் ஐந்து மணிக்கு அண்ணன் மலரைச் சைக்கிளில் ஏற்றி இரணைமடுக் குளக்கட்டுக்குக் கொண்டுபோவார். வெறுங்காலோடு அந்தக் கிறவல் கல்லில் ஓட்டம். பின்னேரம் பள்ளிக்கூட வளவில் திரும்பவும் ஓட்டம். அவர் கையில் ஒரு ஸ்டொப் வோச். அது அவர் கழுத்தில் கிடந்த அளவுக்கு மச்சாளின் கழுத்தில் தாலி கிடந்திருக்காது என்று நான் பகிடி பண்ணுவேன்.

நான் இங்கேயிருந்து கிழமைக்குக் கிழமை பஸ்ஸில் சாப்பாட்டுச் சாமான் கொடுத்துவிடுவேன். ஊர்க்கோழி முட்டை, வறுத்த உழுத்தம்மா, நல்லெண்ணெய், எள்ளுப்பாகு, குலையில் பழுத்த வாழைப்பழம். சின்னவள் முட்டைக்கு அழுதாலும், "அக்கா ஓடுறாள், அவளுக்கு வேணும்" என்று அதட்டிவிட்டு அனுப்புவேன். அந்தக் குழந்தையின் வாயிலிருந்து பறித்து அனுப்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் நெற்கடை வைத்திருந்த சரீப் நானா எங்களிடம் நெல் வாங்க வண்டிலோடு வருவார். ஒரு நாள் சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, மாஸ்டர் ஒவ்வொரு வெள்ளியும் உன்ட புள்ளைய என்ட கடைக்குக் கூட்டி வந்து மூட்டை நிறுக்கிற தராசில ஏத்துறார். தெரியுமா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "மாமன் மருமகளை நிறுத்துப் பாக்கிறார் நானா. பொன்னெண்டு நினைச்சிட்டார் போலை."

"சிரிக்காதே தங்கச்சி. போன வெள்ளி ரெண்டு றாத்தல் கூடிப்போச்சு. அந்தப் புள்ளைட முகம் செத்துப்போச்சு. நான் ஒரு வாழப்பழம் நீட்டினேன். மாஸ்டரப் பாத்துப்போட்டு வேணாமெண்டுட்டா."

வேற்று மனிதர். அவருக்குப் பட்டது எனக்குப் படவில்லை. இருந்தாலும் அடுத்த ஞாயிறு அண்ணனிடம் கேட்டேன். "பாரம் கூடினால் செக்கன் கூடும் ஜெகதீ. இது படிச்ச விசயம். நீ அனுப்பிறதெல்லாம் அளந்து அவளுக்குத்தான் குடுக்கிறம்" என்றார். மலரைக் கேட்டேன். "ஓமம்மா, சாப்பிடுறன்" என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, மாமனைப் பார்த்தாள். கண் இருந்தும் குருடியாக நின்றேன் நான்.

ஐம்பத்தொன்பது ஆடியில் யாழ்ப்பாணத்தில் போட்டி. நூறு யாரிலும் இருநூற்றிருபது யாரிலும் மலர் முதலாவது. நானும் இவரும் ரயிலேறிப் போய்ப் பார்த்தோம். கோப்பையைத் தூக்கியபோது அவளுடைய தோளெலும்பு இரண்டும் சட்டைக்கு மேலாகத் தள்ளிக்கொண்டு நின்றன. என் வீட்டுக்காரர் மெல்ல, "பிள்ளை நல்லா வத்திப்போனாளப்பா" என்றார். "சும்மா இருங்கோ, உங்களுக்கு எல்லாம் குறைதான்" என்று அவருடைய வாயை அடைத்தேன். அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். பேப்பரில் வந்த படத்தைச் சோற்றுப்பசை பூசிச் சுவரில் ஒட்டினேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டிப் பல்லை இளித்தவள் நான். அதை மறைத்து எழுதி என்ன பயன்?

அடுத்த வருஷம் சித்திரை விடுமுறைக்கு மலர் வீட்டில் நின்றாள். வயது பதினைந்து. ஒத்த வயதுப் பிள்ளைகள் எல்லாம் பெரியபிள்ளையாகி ஒன்றரை இரண்டு வருஷம். எனக்கு உள்ளுக்குள் ஒரு கவலை இருந்தது. ஒரு நாள் காலை குசினிக்குப் பின்னாலிருந்து, "அம்மா, இஞ்சை ஒருக்கால் வாங்கோ" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்து விளங்கினதும் எனக்குக் கண்ணீர் முட்டியது. அவள் பயப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. குனிந்துகொண்டு நின்றாள். நல்ல அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் நேரத்தைக் குறித்துக்கொண்டு சாத்திரியாரிடம் ஓடினார். காலை ஏழே கால். பெண் பெரியபிள்ளையான நேரத்துக்கு எங்களில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். பிறகு கலியாணப் பொருத்தம் பார்க்கிறபோது அதையும் எடுத்துப் பார்ப்பார்கள். நல்ல நேரம், தேக சுகம் உண்டு, நீண்ட ஆயுள் என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்தார். மஞ்சள் பூசிச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தேன்.

அண்ணனுக்கு ஆள் போனது. மச்சாளோடு வந்தார். தாய்மாமன் செய்கிற முறை எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் செய்தார். மலரைப் பால்மரத்தடியில் இருத்தினோம். அண்ணன் தேங்காய் உடைத்தார். அறுகம்புல்லும் பாலும் தலையில் வைத்து முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினார். அவருடைய கை நடுங்கவில்லை. பெண்கள் குரவை போட்டார்கள். மச்சாள் மட்டும் எனக்கு முகம் தராமல் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெயிலாக்கும் என்று நினைத்தேன்.

சாப்பாடு முடிய அண்ணன் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"ஜெகதீ, ஆவணியிலை கொழும்பிலை அகில இலங்கைப் போட்டி. இந்த ஒண்டு மட்டும் ஓடட்டும்."

"என்ன சொன்னனீங்கள் அண்ணை அண்டைக்கு? பெரியபிள்ளையானால் சரியெண்டு தானே?"

"ஓம், சொன்னனான். இதோடை சரி. முப்பத்தொரு நாள் எண்டு பிள்ளையை அறைக்குள்ளை வைச்சியெண்டால் கால் விறைச்சுப்போம். பதினொரு நாளோடை தண்ணி வார். பன்ரெண்டாம் நாள் நான் கூட்டிக்கொண்டு போறன்."

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் கிடக்கட்டும். ஐயா என்னைப் பூட்டினமாதிரி நீயும் உவளைப் பூட்டப்போறியோ?"

அதைக் கேட்டதும் அந்த அறையும் ஈரத்துணியும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுத அண்ணனும் எனக்கு முன்னால் வந்தார்கள். நான் சரி என்றேன். வீட்டுக்காரர், "உன்ரை விருப்பம்" என்றார். பதினொரு நாளாக்கினவள் நான்தான். அந்தப் பழியை அண்ணன் தலையில் போடமாட்டேன்.

அந்தப் பதினொரு நாளும் பிள்ளைக்கு முறைப்படி கொடுத்தேன். உழுத்தங்களி, நல்லெண்ணெயில் பொரித்த கத்தரிக்காய், பச்சை முட்டை. முதல் இரண்டு நாளும் சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்தாள். நாலாம் நாளிலிருந்து ஒரு வேகம் வந்தது. கோப்பையை வழித்து நக்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் குசினிப் பக்கம் பார்ப்பாள். பத்தாம் நாள் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. பன்னிரண்டாம் நாள் அண்ணன் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆனியில் பார்க்கப் போனேன். வலது காலில் முழங்காலுக்குக் கீழே துணி சுற்றியிருந்தது.

"இதென்னண்ணை?"

"சும்மா ஒரு பிடிப்பு. எண்ணெய் பூசியிருக்கு."

"நோகுதோ பிள்ளை?"

"இல்லையம்மா" என்றாள் மலர். திரும்பவும் மாமனின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆவணியில் தந்தி வந்தது. மலருக்குக் கால் முறிந்துவிட்டது, உடனே வரவும் என்று. கொழும்புக்கு நானும் இவரும் எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்று எனக்கு இன்றைக்கும் ஒழுங்காக நினைவில்லை. பெரிய ஆசுபத்திரி. நீட்டு வார்ட். வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டோடு என் பிள்ளை கிடந்தாள். நூறு யார் ஓட்டத்தில் அறுபதாவது யாரில் எலும்பு படீரென்று சத்தம் கேட்க முறிந்ததாம். ஒருவரும் இடிக்கவில்லை, தடக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தபோதே முறிந்தது. அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். மச்சாள் பக்கத்தில் ஒரு மர வாங்கில் இருந்தாள்.

டொக்டரம்மா தமிழ் தெரிந்தவர். கடதாசியில் எழுதிக்கொண்டே கேட்டார். "பிள்ளை எப்ப சாமத்தியப்பட்டவ?"

நான் பெருமையாகத்தான் சொன்னேன். "இந்தச் சித்திரை டொக்டர். காலமை ஏழே கால். குறிப்பும் எழுதி வைச்சிருக்கிறம்."

"அது முதல் தரமில்லையம்மா" என்றாள் மலர்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன்.

"போன வருசம் ஆனியிலை, மாமா வீட்டிலை. யாழ்ப்பாணத்துப் போட்டிக்கு முதல். பிறகு பத்து மாதம் வரவேயில்லை. சித்திரையிலைதான் திரும்ப வந்தது."

டொக்டரம்மா எழுதுவதை நிப்பாட்டினார். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார். "அம்மா, உடம்புக்குச் சாப்பாடு போதாமல் வேலை கூடினால் அது நிண்டுபோகும். எலும்புக்கும் அதே கதைதான். இந்தக் கால் நேற்று முறிஞ்சது எண்டு நினைக்காதேங்கோ. எக்ஸ்றே படத்திலை பழைய வெடிப்புத் தெரியுது. பிள்ளை கிழமைக்கணக்கா நோவோடை ஓடியிருக்கிறா. ஆர் இவவைப் பாத்தது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தலையைக் குனிந்தார். அந்தக் குனிவில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தேங்காய் உடைத்தாரே! அறுகும் பாலும் வைத்தாரே! அம்மாளாச்சி பேரில் ஆணையிட்ட அதே கையால் என் பிள்ளைக்கு முதல் தண்ணீர் என்று ஊற்றினாரே! என் வீட்டு முற்றத்தில் நின்று, குரவைக்கு நடுவில், ஒரு வருஷப் பொய்யைத் தண்ணீராக வார்த்த மனிதர் என் கூடப்பிறந்தவர்!

வார்ட்டுக்கு வெளியே வராந்தாவில் வைத்துக் கேட்டேன். மச்சாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "உங்களுக்குச் சொல்லவேணும் எண்டு நான் எவ்வளவு நிண்டனான் மச்சாள். இவர் விடேல்லை. நீங்கள் அனுப்பின சாமானையும் இவர் அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போடுவார். பழுதாப்போகுதெண்டு நான் என்ரை பிள்ளையளுக்குக் குடுத்தனான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுதாள். என் சின்னவளின் முட்டை அது. அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டேன்.

அண்ணன் அப்போதுதான் கதைத்தார். "ஜெகதீ, நான் மறைக்க நினைக்கேல்லை. அவள்தான் காலிலை விழுந்து கெஞ்சினவள். அம்மாவுக்குத் தெரிஞ்சால் ஓட்டத்தை நிப்பாட்டிப்போடுவா, சொல்லாதேங்கோ மாமா எண்டு அழுதவள். வேணுமெண்டால் அவளைக் கேள்."

கேட்கத் தேவையில்லை. அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள்தானே. என் வயிற்றில் பிறந்தவளும் என்னை ஏமாற்றிவிட்டாள். அதுவும் நெஞ்சில் குத்தியது. ஆனால் அதைவிட இந்த மனிதர் அதைத் தூக்கி முன்னால் வைத்தது குத்தியது.

பிறந்ததிலிருந்து அண்ணனை நான் நீ என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"அப்ப அவள் பதினாலு வயசுப் பிள்ளை. பிள்ளை கெஞ்சும். மாட்டன் எண்டு சொல்லத்தானே உன்னட்டை விட்டனான். நீயும் அவளோடை சேந்து பிள்ளையாகிறதுக்கா விட்டனான்? ஐயா உன்னை ஏன் பூட்டினவர் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

ஸ்டொப் வோச் அன்றைக்கும் அவருடைய கழுத்தில் கிடந்தது.

மலர் ஆறு மாதம் கிடையில் கிடந்தாள். கட்டு அவிழ்த்தபோது வலது கால் ஒரு அங்குலம் கட்டை. நடந்தால் தோள் ஒரு பக்கம் சரியும். சாமிப்படத்துக்குக் கீழே இருந்த குறிப்பை எடுத்து அடுப்பில் போட்டேன். பிழையான நேரத்துக்கு எழுதிய தேக சுகம் அது. சுவரில் ஒட்டிய படத்தையும் கிழிக்கப் போனேன், மலர் விடவில்லை. "கிடக்கட்டும் அம்மா. அது நான்தானே" என்றாள்.

அண்ணனுக்கு என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வருஷம் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு எடுத்தார்கள். காட்டுக்குள்ளிருந்து ஓட்டக்காரியை உண்டாக்கிய மாஸ்டர் என்று பேப்பரில் எழுதினார்கள். நாலு வருஷம் நான் அவருடைய முகத்தில் முழிக்கவில்லை. மலர்தான் இடைக்கிடை, "மாமா பாவம் அம்மா. அவர் எனக்குக் கெட்டது நினைக்கேல்லை" என்பாள். எனக்கு ஆத்திரம் வரும். "வாயை மூடு" என்பேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவள் மாமனுக்குக் காயிதம் எழுதுவது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

அறுபத்துநாலு ஆனியில் சின்னவள் அருந்ததி பெரியபிள்ளையானாள். அவளும் நெட்டை, அவளுக்கும் அதே நீட்டுக் கால். பள்ளிக்கூடத்தில் ஓடுகிறாள், நான் தடுக்கவில்லை. மலர் என் பின்னாலேயே திரிந்தாள். "தாய்மாமன் உயிரோடை இருக்கேக்கை வேறை ஆரம்மா தண்ணி வாக்கிறது? எனக்காக ஒருக்கால் மாமாவைக் கூப்பிடுங்கோ. கால் முறிஞ்ச நானே மறந்திட்டன்." என்னால் ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவளே ஆள் விட்டு மாமனுக்குச் சொல்லிவிட்டாள்.

தண்ணீர் வார்க்கிற நேரத்துக்குப் பத்து மணி பஸ்ஸில் அண்ணன் தனியாக வந்து இறங்கினார். கையில் முடித்தேங்காய். தலை நன்றாக நரைத்திருந்தது. வெயிலில் படலைக்கு வெளியே நின்று, "ஜெகதீ" என்றார். முற்றத்தில் இருபது பெண்கள். எல்லாக் கண்ணும் என் முதுகில். சத்தியமாகச் சொல்கிறேன், நான் திறக்கத்தான் போனேன். கொளுக்கியில் கையை வைத்துவிட்டேன். எத்தனையென்றாலும் சைக்கிள் பாரில் ஏற்றித் திரிந்தவர். மலர் எனக்குப் பின்னால் நொண்டி நொண்டி வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அண்ணன் எங்களுக்கு மேலால் எட்டி மரத்தடியைப் பார்த்தார். அங்கே அருந்ததி போர்த்துக்கொண்டு இருந்தாள்.

"சின்னவள் நல்லா வளந்திட்டாள்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உவளும் நல்லா ஓடுறாளாம் எண்டு கேள்விப்பட்டனான். ஆவணியிலை போட்டியள் தொடங்குது ஜெகதீ. முப்பத்தொரு நாளெண்டு வைச்சிராமல், ஒரு பதினொரு நாளோடை..."

நான் கொளுக்கியைத் திரும்பவும் கொழுவினேன்.

"தேங்காயைக் கொண்டு போங்கோ அண்ணை" என்றேன். கத்தவில்லை.

அவர் என்னைப் பார்த்தார், இருபது பெண்களையும் பார்த்தார். தேங்காயைப் படலைத் தூணடியில் வைத்துவிட்டுத் திரும்பி றோட்டுக்கு நடந்தார். மலர் அசையவில்லை. அவர் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று நான் காணவில்லை.

"அம்மா" என்றாள் மெதுவாக. "நாலு வருசத்துக்குப் பிறகு கண்டவர். கால் எப்பிடி எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

அவளுடைய கையைப் பிடித்தேன், அவள் விடுவித்துக்கொண்டாள். கிணற்றடிக்குப் போனாள், செம்பை நிரப்பினாள், தோள் சரியச் சரிய மரத்தடிக்கு வந்தாள். கலியாணமாகாத பெட்டை, அதுவும் தாய்மாமன் வந்து திரும்பின இடத்தில், இவள் வார்க்கலாமோ என்று பெண்கள் குசுகுசுத்தார்கள். "வார் பிள்ளை" என்றேன் நான். அவள் தங்கையின் தலையில் தண்ணீரை ஊற்றினாள். அவளுடைய கை நடுங்கியது. ஒருவரும் குரவை போடவில்லை.

அருந்ததியை அறையில் வைத்து உழுத்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தேன். முப்பத்தொரு நாளும் கொடுத்தேன். ஒரு நாள் குறைக்கவில்லை.